சீட்டில் வந்த வசனம்

1743 மார்ச் மாதம், வட இங்கிலாந்தின் நியூகாசல் நகரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் சங்கத்தாரை விசாரித்து 64 பேரைப் பெயர் நீக்கினார். எதற்காக என்று அவருடைய நாட்குறிப்பிலேயே கணக்கு இருக்கிறது. சபித்து ஆணையிட்டவர்கள் 2 பேர். ஓய்வுநாளை வழக்கமாக மீறியவர்கள் 2. குடிகாரர்கள் 17. சாராயம் விற்றவர்கள் 2. சண்டைக்காரர்கள் 3. மனைவியை அடித்தவர் 1. துணிந்து பொய் சொல்வதே வழக்கமானவர்கள் 3. ஏசித் தூற்றியவர்கள் 4. சோம்பேறி 1. மீதி 29 பேர் மேல் இருந்த குற்றம் விளையாட்டுத்தனமும் அசட்டையும்.

நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சபைக்கு நெடுங்காலம் பொருளாளர். எந்தக் கணக்கையும் கூட்டிப் பார்க்காமல் விடுவதில்லை. இதையும் கூட்டினேன், 64 சரியாக வருகிறது. மனைவியை அடித்தவர் அந்த ஊரில் ஒருவர்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. மற்ற வீடுகளில் கேட்க ஆள் இல்லாமல் போயிருக்கும். ஆனால் இந்தப் பட்டியலில் என்னை யோசிக்க வைப்பது குடிகாரர்கள் அல்ல, கடைசி 29 பேர். அவர்கள் யாரையும் அடிக்கவில்லை, யாருடைய காசையும் எடுக்கவில்லை. வந்தார்கள், உட்கார்ந்தார்கள், போனார்கள், அவ்வளவுதான். இன்று எந்த சபையில் இந்தக் காரணத்துக்குப் பெயர் நீக்கத் தொடங்கினாலும் முதல் வரிசையிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கும். பொருளாளருக்கும் தப்ப வழியில்லை.

இவ்வளவு கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால் அது ஒரு கட்டடக் கடனில் போய் முடிகிறது. 1742 பிப்ரவரி 15 அன்று பிரிஸ்டலில் கூடிய சங்கத்தார், தொழுகைக்கூடம் கட்டிய கடனை எப்படி அடைப்பது என்று பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் தீர்ந்துவிடும் என்றார் ஒருவர். அதற்கும் வழியில்லாதவர்கள் பலர் இருக்கிறார்களே என்றார் இன்னொருவர். முதலில் பேசியவர், இருப்பதிலேயே ஏழைகளான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாரந்தோறும் போய்ப் பார்க்கிறேன், கொடுக்க முடியாதவர்களுக்கு நானே போட்டுவிடுகிறேன் என்றாராம். அவர் ஃபோய் என்ற கப்பல் தலைவர் என்று பிற்கால மெதடிஸ்ட் வரலாறுகள் சொல்கின்றன. அப்படிப் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று வகுப்புகள் உண்டாயின. காசு வாங்க வீட்டுக்குள் போனவர்கள் காசைத் தவிர மற்றதையும் பார்த்தார்கள்: இவன் இன்னும் குடிக்கிறான், அவள் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவதில்லை. விஷயம் வெஸ்லியின் காதுக்கு வந்தது. நாம் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அவர் பிடித்துக்கொண்டார். கடன் தீர்ந்த பிறகும் வகுப்பு நிலைத்தது.

சந்தா வசூலிக்கப் போன அனுபவம் உள்ளவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ரசீதுப் புத்தகத்தோடு படியேறும்போது தெரிகிற வீடு வேறு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியோடு கோயிலுக்கு வருகிற வீடு வேறு.

காலாண்டுக்கு ஒருமுறை வெஸ்லியோ அவருடைய துணைப் போதகரோ வந்து வகுப்பு வகுப்பாக விசாரிப்பார்கள். தேறியவருக்கு ஒரு சிறு சீட்டு கிடைக்கும். 1741-லேயே தொடங்கிய ஏற்பாடு இது. சீட்டில் ஆளின் பெயர் எழுதியிருக்கும். எந்தக் காலாண்டு என்று காட்ட ஓர் எழுத்து அச்சடித்திருக்கும். பிறகு வேத வசனம் ஒன்றும் அதில் இடம்பெற்றது. அந்தச் சீட்டைக் காட்டினால்தான் சங்கக் கூட்டத்துக்கும், எளிய உணவைப் பகிர்ந்து உண்ணும் அன்பின் விருந்துக்கும் உள்ளே விடுவார்கள். இதனால் வந்த வசதியை வெஸ்லியே எழுதியிருக்கிறார்: ஒழுங்கு தவறியவரைச் சத்தமில்லாமல் விலக்கிவிடலாம். கூட்டத்தின் நடுவே நிறுத்தி அவமானப்படுத்த வேண்டாம்; அடுத்த காலாண்டுக்குப் புதுச் சீட்டு தராவிட்டால் போதும்.

விசாரணையும் வசனமும் ஒரே காகிதத்தில். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது இந்தக் காகிதம் எங்கெல்லாம் போய், என்னவாக நம் கைக்கு வந்தது என்பதைத்தான்.

அந்த மக்களுக்குப் பரிசுத்தம் என்பது மலைமேல் தனியே உட்கார்ந்து அடைகிற நிலை அல்ல. 1738 கிறிஸ்துமஸ் நாளில் வெஸ்லி வகுத்த சிறுகுழு விதிகளில், வாரந்தோறும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. போன கூட்டத்துக்குப் பிறகு தெரிந்தே செய்த பாவம் என்ன, என்னென்ன சோதனை வந்தது, எப்படித் தப்பினாய், பாவமா இல்லையா என்று முடிவுகட்ட முடியாதபடி நினைத்ததோ சொன்னதோ செய்ததோ உண்டா. நம்மில் எத்தனை பேர் இரண்டாவது வாரமும் அந்தக் குழுவுக்குப் போவோம்? ஆனால் அங்கே உட்கார்ந்தவர்கள் நிலக்கரிச் சுரங்கக்காரர்கள், நெசவாளர்கள், வேலைக்காரப் பெண்கள். அவர்களை அதற்கு முன் ஒருவரும் உட்காரவைத்து உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. கேள்வி கடுமையானதுதான், கேட்கப்பட்டதே அவர்களுக்குப் பெரிய மரியாதையாக இருந்திருக்க வேண்டும்.

பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் என்ற சுரங்கப் பகுதி. சனிக்கிழமை இரவைச் சாராயக் கடையில் கழித்துப் பழகியவர்கள், மனம் திரும்பிய பிறகு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூடி, இரவின் பெரும்பகுதியை ஜெபத்திலும் பாட்டிலும் கழிக்கத் தொடங்கினார்கள். இதை நிறுத்திவிடுங்கள், ஊரார் தப்பாகப் பேசுவார்கள் என்று சிலர் வெஸ்லிக்கு ஆலோசனை சொன்னார்கள். ஆதிக் கிறிஸ்தவர்கள் விழித்திருந்து ஜெபித்ததுதானே இது, இதில் என்ன தப்பு என்று யோசித்த வெஸ்லி, தாமே வந்து நடத்துவதாக அறிவித்தார். எந்த இரவு தெரியுமா? பௌர்ணமிக்கு மிக அருகில் வருகிற வெள்ளிக்கிழமை. வெகுதூரம் நடந்து திரும்புகிறவர்களுக்கு வழியில் வெளிச்சம் வேண்டும் அல்லவா. இரவு எட்டரைக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி முடியும். லண்டனில் இதே ஆராதனை முதலில் நடந்தது 1742 ஏப்ரல் 9-இல். மாதந்தோறும் நடந்த இந்த விழிப்பு இரவு போகப் போக அருகி, கடைசியில் டிசம்பர் 31-இல் வந்து நின்றது. நாம் இன்று வாட்ச்நைட் என்று சொல்வது இதைத்தான்.

நிலா பார்த்து ஆராதனை வைத்த அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. மனிதனை நியாயத்தீர்ப்பின் முன் நிறுத்துகிறவர், அவன் வீடு போய்ச் சேருகிற வழியையும் யோசித்திருக்கிறார்.

இரவு விழிப்பை இங்கிலாந்துக்காரர்கள் தாங்களாகக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. சாக்சனியில் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் 1722-இல் மொரேவிய அகதிகள் அமைத்த ஹெர்ன்ஹூட் என்ற கிராமத்தில், 1727 ஆகஸ்டிலிருந்தே மணிக்கு மணி ஆள் மாற்றி இடைவிடாமல் ஜெபித்து வந்தார்கள். நூறு வருடம் போல அது நீடித்தது. ஆண்டின் கடைசி இரவில் விழித்திருக்கும் வழக்கமும் 1730-களிலேயே அவர்களிடம் இருந்தது. வெஸ்லிக்கும் அவர்களுக்கும் பழக்கம் ஏற்பட்டது கப்பலில். 1736 ஜனவரியில் அமெரிக்கா போகிற வழியில் புயல் வந்து, அலை கப்பலுக்குள் புகுந்து, ஆங்கிலேயர்கள் அலறியபோது, மொரேவியர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். குருப்பட்டம் பெற்ற தமக்கு இல்லாத ஏதோ ஒன்று இந்தத் தச்சர்களுக்கும் விவசாயிகளுக்கும் இருக்கிறது என்பது வெஸ்லியை உறுத்தியது. 1738-இல் ஹெர்ன்ஹூட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1739 ஜனவரி 1-ஆம் தேதி லண்டனில் ஃபெட்டர் லேன் சங்கத்தில் ஏறக்குறைய அறுபது பேர் அன்பின் விருந்து வைத்து விடியும்வரை ஜெபித்தபோது அவரும் இருந்தார்.

அந்த உறவு நீடிக்கவில்லை. கிருபை கிடைக்கும்வரை சும்மா காத்திரு, திருவிருந்தும் ஜெபமும்கூட வேண்டாம் என்று ஃபெட்டர் லேனில் சிலர் போதிக்க, காத்திருக்கும்போதும் செய்ய வேண்டியதைச் செய் என்று வெஸ்லி நின்றார். 1740 ஜூலை 20 அன்று ஒரு காகிதத்தை வாசித்துவிட்டு வெளியேறினார். பின்னால் வந்தவர்கள் பதினெட்டோ பத்தொன்பதோ பேர். கிருபைக்கும் பரிசுத்தத்துக்கும் நடுவே கோடு எங்கே என்ற சண்டையில் உலகத்தில் எத்தனையோ சபைகள் உடைந்திருக்கின்றன. என் கட்சி வெஸ்லியின் கட்சி. ஆனாலும் புயலில் பாடியவர்கள் மற்றவர்கள்தான் என்பதையும் மறக்க முடியவில்லை.

அந்த மொரேவியர்களிடம் இன்னொரு காகிதம் இருந்தது. 1728 மே 3 மாலைக் கூட்டத்தில் சின்சென்டார்ஃப் மறுநாளுக்கென்று ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார். அதிலிருந்து தினமும் காலையில் ஒரு சகோதரர் ஹெர்ன்ஹூட்டின் முப்பத்திரண்டு வீடுகளுக்கும் அன்றைய வசனத்தைக் கொண்டுபோய்ச் சொல்வது வழக்கமாயிற்று. 1731-இல் வருடம் முழுவதற்குமான வசனங்கள் புத்தகமாகவே வந்தன. இன்றும் ஹெர்ன்ஹூட்டில் சீட்டுக் குலுக்கித்தான் வசனங்களை எடுக்கிறார்கள். புத்தகம் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் போகிறது. சீட்டு என்றால் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. யாரை எங்கே ஊழியத்துக்கு அனுப்புவது என்று மட்டுமல்ல, யார் யாரைக் கலியாணம் செய்வது என்பதற்கும் வெகுகாலம் சீட்டுப் போட்டார்கள்.

சின்சென்டார்ஃப் சிறுவயதில் ஹாலே நகரில் ஃபிராங்கேயின் பள்ளியில் படித்தவர். தரங்கம்பாடியிலிருந்து ஊர் வந்த மிஷனரிகளை அங்கேதான் பார்த்தார். தூரதேசத்துக்கு ஆள் அனுப்பும் ஆசை அவருக்குள் விழுந்தது அப்போதுதான். ஆக, வீடு வீடாக வசனம் போன அந்தக் கிராமத்துக்கு நம் கடற்கரையோடு ஆரம்பத்திலேயே ஒரு தொடுப்பு உண்டு. 1760-இல் மொரேவியர்களே தரங்கம்பாடிக்கு வந்து, ஊருக்கு வெளியே ஒரு தோட்டம் வாங்கிக் குடியேறினார்கள். அங்கே முன்பே இருந்த ஹாலே மிஷனரிகளுக்கு அது பிடிக்கவில்லை, ஹாலேக்கும் ஹெர்ன்ஹூட்டுக்கும் பழைய மனத்தாங்கல். மொரேவியர்கள் குறிவைத்திருந்தது நிக்கோபார் தீவுகள். 1768-இல் அங்கே போனார்கள், காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள், இருபது வருடத்துக்குள் தீவைக் கைவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடித் தோட்டமும் முடிந்தது.

வெஸ்லிக்குத் திரும்புவோம். சீட்டுக்கும் விழிப்பு இரவுக்கும் அடுத்து அவர் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தார். 1755 ஆகஸ்ட் 11 அன்று லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பிரெஞ்சு அகதிகளின் கோயிலில், ஏறக்குறைய 1,800 பேர் எழுந்து நின்று கடவுளோடு உடன்படிக்கை செய்தார்கள். வெஸ்லி வாசித்த உடன்படிக்கை அவர் எழுதியதல்ல. ரிச்சர்ட் ஆலீன் என்ற பியூரிட்டன் போதகர் 1663-இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து எடுத்தது. அதன் சாரம் இதுதான்: இனி நான் எனக்குச் சொந்தமில்லை, என்னை உயர்த்தினாலும் ஓரமாக வைத்தாலும், வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சம்மதம். இந்த ஆராதனை பின்னால் ஆண்டின் முதல் நாளுக்கோ முதல் ஞாயிற்றுக்கோ உரியதாயிற்று. ஆக வருடக் கடைசி இரவு விழிப்பு, வருட ஆரம்பத்தில் உடன்படிக்கை. இரண்டும் சேர்ந்தால்தான் முழு வழக்கம்.

ஆலீன் யார் என்பது பின்னால் நமக்கு வேண்டும். சோமர்செட்டில் ஒரு கிராமத்துக் குரு. 1662-இல் அரசாங்கம் புதிய ஜெபப் புத்தகத்தைக் கொண்டுவந்து, இதிலுள்ள எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று ஒவ்வொரு குருவும் சொல்ல வேண்டும் என்றது. சொல்ல மாட்டோம் என்று ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வேலையும் வீடும் இழந்து வெளியேறினார்கள். அவர்களில் ஆலீனும் ஒருவர். அடுத்த வருடம் வந்தது அந்தப் புத்தகம்.

மெதடிஸ்டுகள் தமிழ் மண்ணுக்கு வந்த கதையும் ஒரு வருடக் கடைசியில்தான் தொடங்குகிறது. 1813 டிசம்பர் இறுதியில் தாமஸ் கோக் என்ற முதியவர் ஒரு சிறு குழுவோடு போர்ட்ஸ்மத்தில் கப்பலேறினார். 1814 மே 3 காலை அறையில் இறந்து கிடந்தார். கடலில் அடக்கம் செய்தார்கள். தலைவரை இழந்த மற்றவர்கள் ஜூன் 29-இல் காலியில் கரையிறங்கினார்கள். லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் போனார்கள். மட்டக்களப்புக்குப் போன ஆல்ட் ஒரு வருடத்துக்குள் இறந்துபோனார். 1817-இல் லிஞ்ச் சென்னைக்கு வந்து இராயப்பேட்டையில் ஊன்றினார். வகுப்பும் சீட்டும் விழிப்பு இரவும் உடன்படிக்கையும் இவர்கள் பிறந்து வளர்ந்த வழக்கங்கள்.

இதே இரவுக்கு உலகத்தின் மறுபக்கத்தில் கிடைத்த அர்த்தத்தையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1862 டிசம்பர் 31 இரவு அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கோயில்களில் விழித்திருந்தது லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வரும் விடியலுக்காக. அதற்கு முன் ஜனவரி 1 அவர்களுக்குப் பயங்கரமான நாள். அடிமைகளை வருட வாடகைக்கு விடுவதும் விற்பதும், தாயும் பிள்ளையும் பிரிவதும் அன்றுதான். அந்த நாளின் முந்தைய இரவில் அவர்கள் எந்தக் கிருபைக்காக, எந்த நியாயத்தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் மெதடிஸ்ட் பக்கம் அல்ல. என் தாத்தா நாசரேத்துக்குத் தெற்கே ஒரு பனங்காட்டு ஊரில் உபதேசியார். அது ஆங்கிலிக்கன் மிஷனின் நாடு. ஆலீன் ஏற்க மறுத்த அதே 1662 ஜெபப் புத்தகம்தான் அங்கே சட்டம். அந்தப் புத்தகத்தில் டிசம்பர் 31 இரவுக்கென்று ஓர் ஆராதனையும் கிடையாது. ஆனால் திருவிருந்து ஒழுங்கின் தலைப்பில் சில விதிகள் உண்டு, இன்று யாரும் வாசிப்பதில்லை. திருவிருந்து எடுக்க விரும்புகிறவர் குறைந்தது முந்தைய நாளே குருவிடம் பெயர் கொடுக்க வேண்டும். ஊரறியக் கெட்ட நடத்தையுள்ளவனையும் அயலானுக்குத் தீங்கு செய்தவனையும் குரு கூப்பிட்டு, திருந்தும்வரை பந்திக்கு வராதே என்று சொல்ல வேண்டும். பகையாயிருக்கிற இரண்டு பேரையும் ஒப்புரவாகும்வரை நிறுத்த வேண்டும். ஒருவன் மனதார மன்னிக்கத் தயாராக இருந்து, மற்றவன் முரண்டு பிடித்தால், தயாரானவனைச் சேர்த்து முரண்டு பிடிக்கிறவனை நிறுத்த வேண்டும். சட்டம் எழுதியவர்களுக்கு ஊர்ச் சண்டை தெரிந்திருக்கிறது!

தாத்தாவுக்கு இந்த விதி வேதவாக்கு. சனிக்கிழமை சாயங்காலம் திண்ணையில் நோட்டோடு உட்காருவார். வருகிறவர்களின் பேரை எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார். "ஏலே, உங்கண்ணன் கூட பேசுறியா?" பேசுகிறவன் பேர் ஏறும். தலையைச் சொறிகிறவனை, போய்ப் பேசிட்டு வா என்று அனுப்புவார். குருவை நாங்கள் ஐயர் என்போம்; அவர் மாதத்துக்கு ஒருமுறைதான் அந்த ஊருக்கு வருவார் என்பதால் இந்த மாதம் தவறினால் அடுத்த மாதம்தான். டிசம்பரில் இது வலுக்கும். மார்கழியில் பனையேற்றம் இல்லை, ஆட்கள் ஊரில் இருப்பார்கள். பதநீர்க் காலத்தில் வாங்கிய கடனும் பங்குத் தகராறும் அப்போதுதான் வாய்க்கு வரும். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளிலிருந்து தாத்தா வீடு வீடாகப் போவார். அந்த வாரம் அவர் பந்தலிலும் கிணற்றடியிலும் தீர்த்த வழக்குகளை என் அப்பா வருடாவருடம் சொல்லிச் சிரிப்பார். தாத்தாவின் நோட்டில் ஏறாதவர்களுக்கு அவர்மேல் இருந்த கோபத்தையும் அப்பா மறைத்ததில்லை. வசதியான வீடுகளிடம் தாத்தா அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மெதுவாகக் கேட்பார் என்றும் சொல்வார். விசாரிக்கிறவன் மனிதன், நியூகாசலிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

விழிப்பு இரவு எங்கள் ஊருக்கு வந்தபோது இந்த வாரத்தின் முடிவில் வந்து ஒட்டிக்கொண்டது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டி பத்தரைக்கு முதல் மணி அடிப்பார். பதினொன்றரைக்குப் பிரசங்கம். காய்க்காத அத்திமரத்தின் உவமையை நான் எத்தனை டிசம்பரில் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. மூன்று வருடமாகக் கனி இல்லை, வெட்டிப்போடு என்கிறான் தோட்டத்தின் சொந்தக்காரன். இந்த ஒரு வருஷம் விட்டுவையுங்கள், கொத்தி எருப் போடுகிறேன் என்று கெஞ்சுகிறான் வேலைக்காரன். அந்த வருஷம் முடிந்து மரம் என்ன ஆயிற்று என்று லூக்கா எழுதவில்லை. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லோரும் முழங்காலில் நிற்போம், யாரும் வாய் திறக்கக் கூடாது. சின்னப் பையன்களுக்கு அந்த ஐந்து நிமிடம் பயமாக இருக்கும். கோடாரி எங்கேயோ பக்கத்தில் இருக்கிறது என்று நான் நம்பினேன். பிறகு மணி அடிக்கும், பாட்டு எழும்பும், ஆண்கள் ஆண்களுக்கும் பெண்கள் பெண்களுக்கும் கைகொடுப்பார்கள். இன்றுபோல் ஆளுக்கொரு வாக்குத்தத்த வசன அட்டையைக் கூடையிலிருந்து எடுப்பது அப்போது கிடையாது. ஐயர் சபைக்கு ஒரே ஒரு வசனம் சொல்வார், தாத்தா அதைக் கரும்பலகையில் எழுதிக் கோயில் வாசலில் சாத்திவைப்பார்.

அட்டை எங்கள் சபைக்கு வந்தது அச்சகங்கள் பெருகிய காலத்தில். அதற்கு முன்பே சில வீடுகளில் வாக்குத்தத்தப் பெட்டி இருந்தது: வசனம் எழுதிய காகிதச் சுருள்களைத் தேன்கூடு போல நெருக்கி நிறுத்திய சிறு டப்பா, எடுக்க ஒரு இடுக்கி. லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன் 1888-இல் வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாக்குத்தத்தம் என்று ஒரு புத்தகம் எழுதி, வாக்குத்தத்தம் வங்கிக் காசோலை மாதிரி, கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொள் என்று முன்னுரையில் சொன்னார். நோயும் மனச்சோர்வும் துக்கமும் சூழ்ந்த காலத்தில் தாம் சோதித்துப் பார்த்த காசோலைகள் அவை என்பது அவர் பேச்சு. அந்தப் பகுதி காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது, காசோலை மட்டும் தங்கிவிட்டது.

பொருளாளர் என்பதால் அட்டை அடிக்கும் வேலை என் தலையில். ஓரத்தில் ரோஜாப்பூ, நடுவில் வசனம், கீழே சபையின் பெயர். நவம்பரிலேயே வசனங்களைப் பொறுக்கித் தர வேண்டும். உயர்த்துவேன், ஆசீர்வதிப்பேன், பெருகப்பண்ணுவேன், வாலாக்காமல் தலையாக்குவேன் என்ற வரிசையில்தான் எல்லாம் வரும். கடைசியாகச் சொன்ன வசனம் உபாகமம் 28-இல் இருக்கிறது. அந்த அதிகாரத்தில் முதல் பதினான்கு வசனம் ஆசீர்வாதம், பதினைந்திலிருந்து அறுபத்தெட்டு வரை சாபம். பதினான்கைத் தாண்டி எந்த அட்டைக்காரரும் போனதில்லை, நானும் போகவில்லை.

ஒரு வருடம் எங்கள் ஐயர், வசனம் பொறுக்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கட்டு வந்தபோது உள்ளே ஆமோஸ் இருந்தார், மீகா இருந்தார், நியாயத்தைச் செய்யச் சொல்லும் வசனம், அயலானோடு ஒப்புரவாகிவிட்டுக் காணிக்கை கொண்டுவரச் சொல்லும் வசனம். எல்லாவற்றையும் கலந்து கூடையில் போட்டோம். ஆராதனை முடிந்ததும் ஓர் அக்கா நேரே என்னிடம் வந்தார்கள்.

"அண்ணாச்சி, இத மாத்தித் தாங்க. இது வாக்குத்தத்தம் இல்ல."

"கூடையில உங்க கை எடுத்ததுதானக்கா."

"எடுத்தேன். ஆனா இதுல எனக்கு ஒண்ணும் தரேன்னு போடலயே. என்னத்தான செய்யச் சொல்லுது?"

மாற்றிக் கொடுத்தேன். அவர்கள் மகனுக்கு அந்த வருடம் வேலை போயிருந்தது, வீட்டில் இரண்டு பேத்திகள். ஆமோஸைக் கொண்டுபோய் அந்த வீட்டுச் சுவரில் ஒட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுவருடம் பழைய பட்டியலுக்கே திரும்பிவிட்டோம்.

அதே ஐயர் செய்த இன்னொரு காரியம் உண்டு. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவானபோது ஆங்கிலிக்கன்களும் மெதடிஸ்டுகளும், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் பின்னணியுள்ள தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாயின. 1963-இல் வெளிவந்த அதன் பொது ஆராதனைப் புத்தகத்தில் மெதடிஸ்டுகளின் உடன்படிக்கை ஆராதனையும் சேர்ந்துவிட்டது. ஜெபப் புத்தகத்தை ஏற்க மாட்டேன் என்று வெளியேறிய ஆலீனின் வாரிசுச் சொத்து, முந்நூறு வருடம் கழித்து, அந்த ஜெபப் புத்தகத்தின் பேரப்பிள்ளைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் கோயில் அலமாரியில் அந்தப் புத்தகம் இருந்தது. யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை. ஐயர் திறந்தார்; ஜனவரி முதல் ஞாயிறு அதையே ஆராதனையாக வைத்தார்.

உடன்படிக்கைக்குச் சம்மதிக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றபோது கோயில் முழுவதும் எழுந்தது. இடதுபுறத் தூணருகே ஒரு பெரியவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். முழங்கால் வலி போல என்று நினைத்தேன். காணிக்கை எண்ணி முடித்து வெளியே வந்தபோது அவர் வேப்பமரத்தடியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். விசாரித்தேன்.

"வலியெல்லாம் இல்ல சார். தம்பிகிட்ட பேச்சுவார்த்தை இல்லாம கெடக்கு, வரப்புத் தகராறு. அதுக்கு ஒரு வழி பண்ணாம நான் எப்படி எந்திரிக்க?"

ஐயரிடம் சொன்னேன். அந்த வாரமே அவர் இரண்டு வீட்டுக்கும் போய் வந்தார். தம்பி வீட்டில் காபி கொடுத்தார்கள், பேச்சுக்கு இறங்கவில்லை. மே மாதம் ஐயருக்கு மாற்றல் வந்துவிட்டது. பிறகு வந்த ஐயர் நல்ல பாடகர், இளைஞர்களை நிறையச் சேர்த்தார். உடன்படிக்கைப் பக்கம் மறுபடி மூடிவிட்டது. பெரியவர் அதற்குப் பிறகு வந்த வாட்ச்நைட் எதையும் தவறவிட்டதில்லை. கூடை அவர் பக்கம் வரும்போது கைநீட்டி ஓர் அட்டை எடுப்பார், கண்ணாடி போட்டு வாசிப்பார், பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார். வரப்பு வழக்கு சாத்தான்குளம் கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கிறது.